அந்தச் சுவரில் யார் முகம்

பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ படத்தில் ஒரு வசனமும் பேசாமல், இருந்த இடத்தை விட்டு அசையாமல், எல்லோரையும் ஆட்டிவைப்பது ஒரு சுவர். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடுகளுக்கு நடுவே நிற்கிறது அது. அதில் கிருஷ்ணப்பன் என்ற தலைவரின் பெரிய முகம். ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனின் முகத்தை அதற்குத் தேர்ந்தெடுத்ததே பாதி வெற்றி. அன்பும் அதட்டலும் கலந்த அந்தக் கண்கள் தெருவில் நடக்கிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. சுவர் எங்களுக்கு என்று ஒரு கட்சிக்காரர்கள், எங்களுக்கு என்று எதிர்க்கட்சிக்காரர்கள். இந்தச் சண்டையில் விழுகிற பிணங்களோ இரண்டு பக்கமும் அதே வீடுகளின் பிள்ளைகள்.

2014 செப்டம்பர் 26 அன்று படம் வெளிவந்தது. அன்றிலிருந்து எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் கதையைவிட அந்தச் சுவரின் மீதுதான் என் கண் போகிறது. ரஞ்சித் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். பெரிய பரப்பில் வண்ணம் ஏறினால் அது பார்ப்பவனை என்ன செய்யும் என்பது கைப்பழக்கமாகவே தெரிந்தவர். ஜி. முரளியின் ஒளிப்பதிவில் சுவர் ஒரே மாதிரி இருப்பதே இல்லை. பகலில் பிள்ளைகள் பந்து உதைக்கும்போது பின்னணியில் சாதாரணமாக நிற்கும். இரவில் குழல் விளக்கு வெளிச்சத்தில் அதே முகம் கனத்துப்போகும். ஆட்கள் அதன் அடியில் நின்று பேசும்போது காமிரா கீழிருந்து நோக்கும். மனிதர்கள் அத்தனை பேரும் அதன் காலடியில் கிடப்பவர்களாகத் தெரிவார்கள். பேய்ப்படத்துக்குரிய உத்திகளைக் கொண்டு அரசியல் படம் எடுத்திருக்கிறார் ரஞ்சித். அந்த ஜனங்களுக்கு அரசியல் அப்படித்தான் வந்து பிடிக்கிறது என்பதால் அது மிகையாக உறுத்துவதில்லை.

வடசென்னைக்குச் சுவர் புதிதல்ல. கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம் என்று தோல் நிறத்தை வைத்தே பிரித்துக் கட்டிய ஊர் இது. 1758–59இல் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகையிட்டுப் போன பிறகு, கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பிய கம்பெனி, அந்தச் செலவை உள்ளே குடியிருந்தவர்கள் தலையிலேயே வரியாகக் கட்டப் பார்த்தது. வரி வசூலாகவில்லை, அந்தச் சுவர் வரியின் பெயரைச் சுமக்கும் வால்டாக்ஸ் ரோடு மட்டும் இன்றும் இருக்கிறது. அந்த மதிலின் ஒரு துண்டைப் பழைய ஜெயில் ரோட்டில் பார்க்கலாம். அங்கிருந்து வியாசர்பாடி அதிக தூரமில்லை.

ஆனால் ரஞ்சித் சுவரோடு நிற்காமல் ஜனங்களையும் நேசிக்க வைத்துவிடுகிறார். படத்தின் முதல் பாதியை மெதுவாக நகர்கிறது என்று சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அதுதான் படத்தின் உயிர். காளி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறான், வீட்டில் பெண் பார்க்கிறார்கள், மாலையில் மைதானத்தில் பந்து ஆடுகிறான். அவன் நண்பன் அன்பு கட்சியில் இருக்கிறான். அரசியலைப் பிடித்தால்தான் நம்ம ஜனங்க தலை நிமிர முடியும் என்று உண்மையாகவே நம்புகிறவன். அன்புவின் மனைவி மேரியாக வரும் ரித்விகாவை எவ்வளவு பாராட்டினாலும் தகும். புருஷனைத் திட்டும்போதும் கொஞ்சும்போதும் ஒரே குரலில் இரண்டையும் செய்கிறார். தமிழ் சினிமாவில் ஏழை வீட்டுக் கணவன் மனைவி என்றால் குடியும் அடியும்தான் என்றிருந்த பழக்கத்தை, ஒருவர்மீது ஒருவர் ஆசையாக இருக்கிற இந்த இருவரும் சத்தமில்லாமல் உடைத்தார்கள். காளி, அன்பு, மேரி, ஜானி என்று பெயர்கள் ஒரே தெருவில் கலந்து கிடக்கின்றன. இந்தப் பெயர் என்ன மதம் என்று படம் ஒரு இடத்திலும் விளக்க நிற்பதில்லை. ஹரிகிருஷ்ணன் செய்த ஜானி, புத்தி பிசகிய பழைய ஆட்டக்காரன். அந்தச் சுவரைப் பற்றி நேராகப் பேசும் துணிச்சல் அவனுக்குத்தான் இருக்கிறது.

சாதியின் பெயரையும் படம் உரக்கச் சொல்வதில்லை. அம்பேத்கர் படம் இருக்கிறது, நீலம் இருக்கிறது, காளியின் கையில் ‘தீண்டாத வசந்தம்’ நாவல் இருக்கிறது. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களும் காளியோடு சேர்ந்து பந்து ஆடிவிட்டு, பிறகு மெல்லத் தெரிந்துகொள்வார்கள்.

பிறகு கத்தி வருகிறது. அன்புவைக் காப்பாற்றும் ஒரு நொடியில் காளியின் கையால் கொலை நடந்துவிடுகிறது. சட்டத்திடம் சரணடையப் போகிற நேரத்தில் அன்பு வெட்டப்படுகிறான். எதிரிக் கட்சி செய்தது என்று நாமும் காளியும் நம்புகிறோம். அன்பு யாருக்காகத் தன் உயிரையே கொடுக்கத் தயாராக இருந்தானோ அந்தச் சொந்தக் கட்சித் தலைவன் மாரியே அவனை விலைபேசிவிட்டான் என்பது பின்னால்தான் தெரிகிறது. இந்தத் திருப்பத்தை வெறும் திரைக்கதைச் சாமர்த்தியம் என்று தள்ள முடியாது. 1921இல் இந்தப் பகுதியின் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். மற்ற சாதித் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கி வெடித்தது, ஒரே தறியில் நின்றவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். லாபம் மில் முதலாளிக்கு. ரஞ்சித் இதை ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆனால் சேர்ந்து நிற்க வேண்டியவர்களை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது அந்த மண்ணுக்குப் பழைய பாடம்.

இந்த இடத்தில் எனக்கு ஸ்பைக் லீயின் 1989ஆம் ஆண்டுப் படம் ‘டூ த ரைட் திங்’ நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரே தெரு, ஒரே நாள், கொளுத்தும் வெயில். வெயிலை உறைக்கச் செய்ய அங்கே ஒரு சுவரைப் பளீரென்று சிவப்பாகவே அடித்தார்கள். அந்தத் தெருவில் இத்தாலிய வம்சாவளிக்காரரான சாலின் பீட்சா கடை. உள்ளே சுவரில் புகழ்பெற்ற இத்தாலிய அமெரிக்கர்களின் படங்கள் மட்டும். இங்கே வந்து சாப்பிட்டுக் காசு கொடுப்பவர்கள் நாங்கள், எங்கள் ஆள் ஒருவர் படம்கூட ஏன் இல்லை என்று ஒரு கறுப்பு இளைஞன் கேட்கிறான். கடை என்னுடையது என்கிறார் சால். இந்தக் கேள்வி இரவுக்குள் கைகலப்பாகிறது. ரேடியோ ரஹீம் என்ற இளைஞனைப் போலீஸ் கழுத்தை நெரித்துக் கொல்கிறது. அதே கடையில் வேலை பார்க்கும் மூக்கி, குப்பைத் தொட்டியைத் தூக்கிக் கண்ணாடியில் எறிகிறான். கடை எரிகிறது.

மூக்கி செய்தது சரியா என்று கறுப்பர்கள் யாரும் தன்னிடம் கேட்டதில்லை, வெள்ளைக்காரர்கள்தான் கேட்கிறார்கள் என்று லீ சொல்லியிருக்கிறார். உடைந்தது கண்ணாடி, போனது ஓர் உயிர். எதைப் பற்றி முதலில் கேட்கத் தோன்றுகிறது என்பதிலேயே கேட்பவரின் இருப்பிடம் தெரிந்துவிடுகிறது. ‘மெட்ராஸ்’ வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2014 ஜூலையில், அதே நியூயார்க்கில் எரிக் கார்னரின் கழுத்தைப் போலீஸ்காரர் பிடித்து இறுக்கியதில் அவர் செத்தார். 25 வருடத்துக்கு முந்தைய சினிமாக் காட்சியும் கைப்பேசியில் பதிவான நிஜமும் ஒன்றுபோல் இருந்தன.

ரஹீம் செத்த பிறகு லீ அழ நேரம் கொடுப்பதில்லை; உடனே கலவரம். ரஞ்சித் நேரம் கொடுக்கிறார். அன்புவின் சாவு வீட்டில் கானா பாலா பாடுகிறார். சந்தோஷ் நாராயணன் தன் இசையை ஒதுக்கிவைத்துக்கொண்டு அந்த மரண கானாவுக்கு வழிவிட்டிருப்பது பெரிய ரசனை. வயலின்கள் வந்து நம்மை அழச் சொல்வதில்லை. அந்தத் தெரு தன் பிள்ளையை எப்படி அனுப்புமோ அப்படியே அனுப்புகிறது: தாளத்தோடு, ஊர் முழுக்க வந்து நின்று, நியாயம் கேட்டு.

அதன் பிறகு காளி என்ன செய்யப்போகிறான் என்பதுதான் படம். வழக்கமான வடசென்னைப் படமாக இருந்தால் கையில் அரிவாள் வந்திருக்கும். காளி பெயிண்ட்டை எடுக்கிறான். கிருஷ்ணப்பனின் முகத்தில் நீலம் வழிகிறது. திரையரங்கில் அந்தக் கணத்தில் எழுந்த விசிலை நான் மறக்கவில்லை. மூக்கியின் குப்பைத் தொட்டியைவிட இது கடினமான தேர்வு என்று நினைக்கிறேன். எரிந்த கடை மறுநாள் சாம்பல். முகம் அழிந்த சுவரோ அங்கேயே நிற்கும். அதில் இனி என்ன இருக்க வேண்டும் என்று ஜனங்களே முடிவு செய்தாக வேண்டும். படம் அகிம்சைப் பாடம் என்றும் சொல்ல மாட்டேன். முடிவில் பெரிய சண்டை இருக்கிறது, காளியாக நடித்த கார்த்தி என்ற நட்சத்திரத்துக்காக அது தேவைக்கு மேல் நீளுகிறது. அந்தச் சண்டையில் பாதியை வெட்டியிருந்தால் நீலம் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும். காளியின் காதலி கலையரசியையும் காதல் காட்சிகளுக்கு வெளியே இன்னும் எழுதியிருக்கலாம்.

நான் இருப்பது ராஜா அண்ணாமலைபுரத்தில். இங்கே வியாசர்பாடியைத் தூர தேசம் போலப் பேசுவார்கள். இங்கே சுவர்களுக்குக் குறைவா? மெயின் ரோடுகளில் ஆள் உயரத்துக்கு மேல் காம்பவுண்டு சுவர்கள். கிரீன்வேஸ் சாலையில் அமைச்சர்கள் வீடுகள், அம்பேத்கர் மணிமண்டபம். கொஞ்சம் தள்ளி, பறக்கும் ரயில் தூண்களுக்குக் கீழே பக்கிங்ஹாம் கால்வாய். அதன் கரையில் கோவிந்தசாமி நகர். 2022 மே மாதம் நீதிமன்ற உத்தரவின் பேரில் அங்கே வீடுகளை இடிக்க எந்திரங்கள் வந்தன. பல தலைமுறையாக இருந்தவர்களை ஊருக்கு வெளியே அனுப்பப் பார்த்தார்கள். குடியிருந்த ஒருவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு செத்தார். அதன் பிறகுதான் இடிப்பு நின்றது, அருகிலேயே மாற்று வீடு என்ற பேச்சும் வந்தது. அந்த வாரம் இந்தப் பக்கம் நான் அதிகம் கேட்டது ஆக்கிரமிப்பு சட்டப்படி சரியா தவறா என்ற விவாதத்தைத்தான். லீயிடம் வெள்ளைக்காரர்கள் கேட்ட கேள்வியிலிருந்து அது வெகுதூரம் இல்லை.

சென்னைக்கு வெளியேயும் சுவர்கள் உண்டு. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் சாதிச் சுவரின் ஒரு பகுதியை இடிக்க 2008 வரை ஆயிற்று. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பரில் ஒரு பங்களாவின் உயரமான சுவர் மழையில் சரிந்து 17 தலித்துகள் உறக்கத்திலேயே செத்தார்கள். சுவர் கொல்லும் என்று ரஞ்சித் சொன்னபோது அதைக் குறியீடு என்று எழுதினோம்.

படத்தின் கடைசியில் காளி பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான், சுவரில் கல்வியைச் சொல்லும் ஓவியம் வந்துவிடுகிறது. லீ தன் படத்தை இப்படி முடிக்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் வார்த்தைகளையும் மால்கம் எக்ஸின் வார்த்தைகளையும் அடுத்தடுத்துத் திரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். கலை நுணுக்கத்தில் லீயின் முடிவு உயர்ந்தது என்று நண்பர்கள் வாதாடுவார்கள். நான் ரஞ்சித் பக்கம். நூறு வருடமாகத் தன் சுவரில் அடுத்தவன் முகத்தைப் பார்த்த தெருவுக்குத் தன் ஓவியத்தை ஒரு தடவையாவது திரையில் பார்க்கும் உரிமை உண்டு. இந்தப் படத்தைக் கிரீன்வேஸ் சாலை மணிமண்டபத்தில் திரையிட வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. கால்வாயின் இரண்டு கரையிலிருந்தும் ஆட்களை அழைக்க வேண்டும். படம் முடிந்ததும் முதலில் கோவிந்தசாமி நகர்க்காரர்கள் பேச வேண்டும். நாங்கள் கேட்க வேண்டும்.