ஹான்ஸ் பரோன்: மறுப்பினூடே வளர்ந்த மேற்கோள்

இத்தாலிய மறுமலர்ச்சி குறித்து இருபதாம் நூற்றாண்டில் வெளிவந்த நூல்களுள், ஹான்ஸ் பரோனின் ‘தொடக்கக்கால இத்தாலிய மறுமலர்ச்சியின் நெருக்கடி’ அளவுக்கு மறுக்கப்பட்டவை சிலவே. 1955இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் இரு தொகுதிகளாக வெளியிட்ட அந்நூல் இன்றும் இடையறாது மேற்கோள் காட்டப்படுகிறது. ஆய்வாளரின் தாக்கத்தை மேற்கோள் எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் வேரூன்றிவிட்ட இக்காலத்தில், அந்த எண்ணிக்கை எதனால் ஆனது என்று வினவுவதற்குப் பரோன் தக்கதொரு சான்று.

1900இல் பெர்லினில் பிறந்த பரோன், எர்ன்ஸ்ட் ட்ரோல்ச்சிடம் பயின்றவர். ‘குடிமை மானுடவாதம்’ என்னும் கருத்தாக்கத்தை 1920களிலேயே ஜெர்மானிய மொழியில் உருவாக்கினார். 1928இல் லியோனார்தோ புரூனியின் எழுத்துகளைப் பதிப்பித்தார். யூதராதலின் 1933இல் பெர்லினில் ஆசிரியப் பணியை இழந்து, 1938இல் அமெரிக்கா சேர்ந்தார். 1949 முதல் சிகாகோவின் நியூபெரி நூலகமே அவரது பணியிடம்.

அவரது கோட்பாடு ஒரு காலக்கணிப்பின்மீது நிற்கிறது. மிலான் கோமகன் ஜான்கலேயாட்சோ விஸ்கோந்தி பீசா, சியேனா, பொலோஞா ஆகிய நகரங்களைத் தன்வயமாக்கி ஃபுளோரன்சைச் சூழ்ந்திருந்த வேளையில், 1402 செப்டம்பரில் இறந்தார். இந்நெருக்கடியே ஃபுளோரன்சின் அறிஞர்களைக் குடியரசு உணர்வுக்குத் திருப்பியது என்பது பரோனின் வாதம். அதற்காகவே புரூனி ஃபுளோரன்சைப் புகழ்ந்தெழுதிய நூலை 1402க்குப் பிற்பட்டதாக அவர் நிறுவ முற்பட்டார். புரூனியின் உரையாடல் நூலிலோ, முதற்பகுதியில் தாந்தே, பெத்ராக்கா, பொக்காச்சோ மூவரையும் இகழும் நிக்கோலோ நிக்கோலி, இரண்டாம் பகுதியில் அவர்களையே புகழ்கிறார். இம்மாற்றத்தைப் பரோன் இரு காலங்களின் அடையாளமாகக் கொண்டார்: முதற்பகுதி நெருக்கடிக்கு முந்தியது, மற்றது பிந்தியது.

ஜெரால்டு சீகல் 1966இல் ‘பாஸ்ட் அண்ட் பிரசண்ட்’ இதழில் இதனை மறுத்தார். ஒரே பொருளின் இருபுறமும் நின்று பேசுதல் சிசரோ வழிவந்த சொல்வன்மைப் பயிற்சி; அதற்கு அரசியல் மனமாற்றம் எதுவும் தேவையில்லை என்றார். மறு ஆண்டே பரோன் விடையளித்தார். குவெண்டின் ஸ்கின்னர் 1978இல், பரோன் 1400ஐ ஒட்டிப் புதியதாகக் கண்ட கருத்துகள் பலவும் முந்தைய நகரக் குடியரசுகளிலேயே வழங்கின என்று காட்டினார். விடுதலையைப் பாடிய ஃபுளோரன்ஸ் 1406இல் பீசாவைக் கைப்பற்றியதையும் இங்கு மறந்துவிடலாகாது. நாற்பதாண்டு விவாதத்தை ஜேம்ஸ் ஹான்கின்ஸ் 1995இல் மதிப்பிட்டபோது, கோட்பாட்டின் பழைய வடிவம் பெரிதும் தளர்ந்திருந்தது.

எனினும் மேற்கோள்கள் குறையவில்லை. அதற்கு மறுப்பாளர்கள் ஒரு காரணம், ஜே. ஜி. ஏ. போக்காக் இன்னொரு காரணம். 1975இல் வெளிவந்த அவரது ‘மாக்கியவெல்லியத் தருணம்’, குடிமை மானுடவாதத்தை ஃபுளோரன்சிலிருந்து இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுசென்றது. அதன்பின் அரசியல் கோட்பாட்டாளர்களுக்கும் அச்சொல் பொதுவுடைமையாயிற்று. புரூனியின் நூல் 1401இல் எழுதப்பட்டதா, 1403இல் எழுதப்பட்டதா என்பது அவர்களுக்குப் பொருட்டன்று. வாதம் உதிர்ந்தது, கலைச்சொல் நிலைத்தது. மேற்கோள் அட்டவணையிலோ சீகலின் மறுப்பும் ஒன்று, போக்காக்கின் தழுவலும் ஒன்று, முன்னுரையில் மரபுக்காக இடப்படும் அடிக்குறிப்பும் ஒன்று.

இதில் இழப்புக்குள்ளாவது பரோனின் சிறந்த பகுதியே என்பது என் கருத்து. ஒரு நூலின் பகுதிகளைப் பிரித்து, உள்முரணைச் சான்றாக்கி, நிகழ்ச்சிகளோடு பொருத்திக் காலம் காணும் அவரது முறை முடிவில் பிழைத்திருக்கலாம். ஆனால் அந்நுணுக்கத்தைக் கற்காமல் அவரை மறுக்கவும் இயலாது. சீகலும் பரோன் வகுத்த களத்திலேயே, அதே நூல்களைக் கொண்டே பொருதார். கோட்பாட்டை ஏற்காதவராயினும், இவ்விரு நூல்களையும் பதிப்பிக்க முனைபவர் காலக்கணிப்பில் பரோனை எதிர்கொண்டே தீரவேண்டும்.

பரோனைப் போலவே ஜெர்மனியிலிருந்து புலம்பெயர்ந்த பால் ஆஸ்கர் கிறிஸ்டெல்லரின் நிலை இதற்கு மறுதலை. 1963 முதல் 1992 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவரது ‘இத்தாலியப் பயணம்’, முறையாகப் பட்டியலிடப்படாத மறுமலர்ச்சிக்காலக் கையெழுத்துப் படிகளின் வழிகாட்டி. ஆய்வாளர் அதனைப் புரட்டி ஒரு சுவடியின் இருப்பிடத்தை அறிகிறார், அந்த நூலகத்துக்குச் செல்கிறார், சுவடியைப் படிக்கிறார். அடிக்குறிப்பில் பெரும்பாலும் இடம்பெறுவது சுவடியின் எண் மட்டுமே.