இரத்தக் குறிப்புகளில் இல்லாத ஒரு நாள்

அனாரின் ‘மேலும் சில இரத்தக் குறிப்புகள்’ கவிதையை யுத்த எதிர்ப்புக் கவிதையாகவே நம்மிற் பலர் வாசிக்கிறோம். ‘எனக்குக் கவிதை முகம்’ (2007) தொகுப்பிலுள்ள அது மாதவிடாய் இரத்தத்திலிருந்துதான் தொடங்குகிறது. மாதந்தோறும் இரத்தம் பார்த்துப் பழகியவள் வன்முறையின் இரத்தத்தைக் கண்டு அதிர்கிறாள். அதன் வலு அங்கேதான். எனினும் எனக்கொரு குறையுண்டு. முதல்நாளின் பயம் அதில் இல்லை.

வன்னியை நினைத்தால் அந்த இடைவெளி பெரிதாகிறது. 2009இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டிருந்தபோது, பெரியபிள்ளையான சிறுமிகளுக்கு மறைவும் தண்ணீரும் அரிதாயின. இன்று சாமத்திய வீட்டுக்கு மண்டபமுண்டு, வீடியோவுமுண்டு; உடம்பில் என்ன நடக்கிறதென்று சொல்லத்தான் ஆளில்லை. ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ பாடநூலின் இனப்பெருக்க அலகை “வீட்டில் வாசியுங்கோ” என்று தாண்டிப்போகும் ஆசிரியர்களை நானறிவேன். நெப்கின் விலையோ வேறு கதை. 2018இல் இறக்குமதிக்கான மொத்த வரி 101.2 வீதம்.

இந்த மௌனத்துக்கு மார்க்கத்தைச் சாட்டுச் சொல்வோர் நம்மிலுமுண்டு. ஹைழுக்குப் பிந்திய குளிப்பை எப்படிச் செய்வதென்று ஒரு பெண் நபியவர்களிடமே கேட்டார். அன்சாரிப் பெண்களை வெட்கம் அறிவிலிருந்து தடுக்கவில்லை என்று ஆயிஷா நாயகி பாராட்டியது அந்தச் சம்பவத்தையொட்டித்தான்.