உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்லட்டும்

சிங்கப்பெருமாள் கோயில் டீக்கடை ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, நான் கண்ட அதிசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடை வாசலில் நீளமான பெஞ்சு ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். கிண்டி, தாம்பரம் பக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு வழியாகச் சைக்கிள் மிதித்து வந்த பத்துப் பன்னிரண்டு பேர், தலையில் ஹெல்மெட்டும் கையில் டீ டம்ளருமாக என்னைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். "உட்காருங்களேன், இடம் இருக்கிறதே" என்று நகர்ந்து கொடுத்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். "வேண்டாம் சார், இரண்டு மணி நேரம் உட்கார்ந்துதானே வந்தோம்" என்றார் ஒருவர்.

சைக்கிள் ஆசனத்தைப் பற்றி அன்று நான் கேட்ட உண்மையான விமரிசனம் அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதற்குப் பிறகு கால் மணி நேரம் அவர்கள் வாயினால் சொன்னவையெல்லாம் வேறு ரகம்.

புத்தம் புதிய மலைச் சைக்கிள் வைத்திருந்த இளைஞர் ஒருவர், தம் ஆசனத்தின்மேல் மாட்டியிருந்த ஜெல் உறையைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். விரல் பாதி உள்ளே போயிற்று. "பஞ்சு சார், பஞ்சு! எல்லோரும் இதை வாங்கிப் போட்டுவிட வேண்டும்" என்றார். எப்போது வாங்கியது என்று விசாரித்தேன். நேற்றுச் சாயங்காலம் என்று பதில் வந்தது. இன்னொருவர், கத்தி போல ஒடுங்கிய தம்முடைய ஆசனத்துக்கு ஈடான ஆசனம் உலகத்திலேயே கிடையாது என்றார். அதற்கு அவர் காட்டிய ஆதாரம் அதன் விலை. மூன்றாமவர், "ஆறே மாதத்தில் மேல்தோல் வெடித்துவிட்டது. அந்தக் கம்பெனிச் சாமானையே கையால் தொடக் கூடாது" என்று தீர்ப்பளித்தார். சைக்கிளை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். மொட்டை மாடியில் என்றார்.

அந்தச் சமயத்தில் பால்காரர் ஒருவர் வந்து இறங்கினார். இரண்டு பக்கமும் கேன் தொங்கும் பழைய கறுப்புச் சைக்கிள். அடியில் ஸ்பிரிங் வைத்த அகலமான தோல் ஆசனம். இளைஞர்கள் அவரையும் விடவில்லை. "உங்க சீட் எப்படிங்க?" என்று கேட்டார்கள். அவர் திரும்பித் தம் வண்டியை ஒருமுறை பார்த்தார். "எப்படின்னா? அது இருக்கிற நினைப்பே வர்றதில்லீங்களே" என்றார்.

நாவல் எழுதிப் பிழைக்கிறவன் நான். வெளியான மறுநாளே, அட்டையைத் தடவிப் பார்த்து எழுதப்பட்ட மதிப்புரைகளை நிறையச் சந்தித்திருக்கிறேன். ஆகையால் கட்டைவிரல் விமரிசனத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கட்டைவிரலால் உட்காருகிறவர் யார்?

இருக்கையின் விஷயம் இதுதான். கெட்டியான மணைப்பலகையில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு எலும்பு முனைகள் கையில் தட்டுப்படும். உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்குவதற்கென்றே அமைந்தவை அவை. நல்ல ஆசனம் அந்த இரண்டு முனைகளையும் தாங்கிக்கொண்டு, நடுவில் உள்ள மெல்லிய பாகத்தைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடும். மிகவும் மிருதுவான ஆசனத்தில் நடப்பது நேர் எதிர். எலும்பு முனைகள் மெத்தைக்குள் புதைகின்றன. புதைந்த அளவுக்கு நடுப்பாகம் மேலே எழும்பி, நரம்பும் ரத்தக் குழாயும் போகும் இடத்தை அழுத்துகிறது. முதல் ஐந்து நிமிஷம் சொர்க்கம். ஒரு மணி நேரம் ஆனால் மரத்துப் போகிறது. கடைக்காரரோ நமக்கு அந்த முதல் ஐந்து நிமிஷத்தைத்தான் விற்கிறார். நாமும் அதை வைத்தே அபிப்பிராயம் சொல்லிவிடுகிறோம்.

பால்காரருடைய தோல் ஆசனத்தின் வமிசம் பெரியது. 1866-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் தோல் சாமான் வியாபாரம் தொடங்கிய ஜான் பௌல்ட்பீ புரூக்ஸ் என்பவர் அந்த வமிசத்தின் மூதாதைகளில் ஒருவர். அவருடைய குதிரை இறந்துவிட்டதாம். வேறு குதிரை வாங்க வசதியில்லாமல் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கி ஏறினாராம். அதன் ஆசனம் படுத்திய பாட்டைப் பொறுக்காமல் தாமே ஓர் ஆசனம் செய்யக் கிளம்பினாராம். அந்தக் கம்பெனியார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது. 1882-ல் அவர் தம் ஆசனத்துக்குப் பேடண்ட் உரிமை பெற்றார். வலியிலிருந்து பிறந்த விமரிசனம் என்று இதைச் சொல்லலாம். குறை சொன்னவர் தாமே உட்கார்ந்து துன்பப்பட்டவர். துன்பம் எங்கே என்று அவருக்குத் தெரியும்.

இந்த வகை ஆசனத்தில் மெத்தையே கிடையாது. முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய தோல், தூளி மாதிரி தொங்குகிறது. முதல் சில வாரங்கள் அது கல்லாகத்தான் இருக்கும். பிறகு உட்காருகிறவருடைய எலும்புக்குத் தக்கபடி மெல்லக் குழிந்துகொடுக்கும். தளர்ந்தால் மூக்கின் அடியில் உள்ள திருகை முறுக்கிக்கொள்ளலாம். மழையில் ஊறவிட்டால் மட்டும் கெட்டுப் போகும். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஏற்பட்டு, ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் நம் வீட்டுத் திண்ணைகளில் சாய்ந்து நின்ற காலத்துப் பெரியவர்களுக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் கேட்டால் இந்த ஆசனத்தை எல்லோரும் வைவார்கள். ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் பால்காரரைப் போல நினைப்பே இல்லை என்பார்கள்.

அப்படியானால் எல்லோரும் பால்காரர் ஆசனத்தையே வாங்கிவிடலாமா? கூடாது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறார். பாரம் முழுவதும் ஆசனத்தில் இறங்குகிறது. அதற்கு அகலமும் ஸ்பிரிங்கும் வேண்டும். ஹாண்டில்பாரின்மேல் குனிந்து ஓட்டுகிற இளைஞருடைய பாரத்தில் ஒரு பங்கு கைகளுக்குப் போய்விடுகிறது. இடுப்பும் முன்னால் சாய்கிறது. அவருக்கு அகலமான ஆசனம் தொடையில் உராயும். ஒரே ஆசனத்தைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லலாம். இரண்டும் உண்மையாக இருக்கலாம். சொல்கிறவர் எப்படி உட்காருகிறவர் என்பது தெரியாத வரையில் இரண்டினாலும் நமக்குப் பிரயோஜனமில்லை.

மலைச் சைக்கிளுக்கு இழைக்கப்படும் அநியாயம் இன்னும் பெரியது. 1970-களில் கலிபோர்னியாவில் மரின் என்ற பிரதேசத்தின் மலைகளில், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு சில இளைஞர்கள் மண்பாதைகளில் தலைதெறிக்க இறங்கினார்கள். 1976-ல் அதைப் பந்தயமாகவே வைத்தார்கள். 1977-ல் ஜோ பிரீஸ் என்பவர் அந்தக் காரியத்துக்கென்றே தனியாகச் சைக்கிள் செய்தார். கரடுமுரடான இறக்கத்தில் யாரும் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. பெடல்மேல் எழுந்து நின்று, உடம்பை ஆசனத்துக்கும் பின்னால் தள்ளிக்கொள்வார்கள். ஆகவே அந்த வண்டியின் ஆசனம் ஒடுக்கமாக இருக்க வேண்டும். கால்சட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது. கீழே விழுந்தாலும் உடையக் கூடாது. உட்காருவதற்கு எவ்வளவோ, எழுந்திருப்பதற்கும் அவ்வளவு ஏற்றதாக அது இருந்தாக வேண்டும்.

நம் கூடுவாஞ்சேரிக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் ரோடு எந்த மலையில் ஏறுகிறது? சிங்கப்பெருமாள் கோயிலில் பாறை இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அதைக் குடைந்த சந்நிதியில் நரசிம்மர் உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி வருகிறவர்கள் நடந்துதான் வருகிறார்கள். எழுந்து நிற்கிறவனுக்காகச் செய்த ஆசனத்தில், தாம்பரத்தில் ஏறியவர் இங்கே வரும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிட்டு, "ஆசனம் மோசம்" என்கிறார். நாற்பது ஐம்பது தடவை எழுந்து உட்கார்ந்திருந்தால் அந்த அபிப்பிராயமே மாறியிருக்கும்.

உழைப்பைப் பற்றியும் இதே கதைதான். இந்நாளைய ஆசனத்தின் அடியில் ஒரு பிளாஸ்டிக் ஓடு, அதற்குமேல் நுரை மெத்தை, அதற்கும்மேல் ஓர் உறை. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நிற்கும் வண்டியின் உறை வெடிக்காமல் என்ன செய்யும்? வெடித்த வாய் வழியாக மழைத் தண்ணீர் மெத்தைக்குள் இறங்கித் தங்கிவிடும். மறுநாள் காலையில் வெள்ளை வேஷ்டியுடன் அதில் உட்கார்ந்தவர்களுக்கு மிச்சத்தை நான் விவரிக்க வேண்டாம். ஆசனத்தின்மேல் பாலித்தீன் பையைக் கட்டிவைக்கும் நம் ஊர் வழக்கம் சும்மா வரவில்லை. ஆனால் கம்பெனியாரையும் முழுக்க விட்டுவிட மாட்டேன். நம் வெயிலில் விற்கப்போகும் பொருளுக்குத் தண்ணீர் இறங்குகிற இடத்தில் தையலைப் போடுவானேன்?

இதெல்லாம் ஆண்பிள்ளைகள் டீக்கடையில் நின்று பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடிய விஷயம். என்னை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது வேறொன்று.

இதே ஊரில் இருக்கும் என் சிநேகிதர் ஒருவருடைய மருமகள், செங்கல்பட்டில் உத்தியோகம் பார்க்கிறாள். பஸ் கூட்டத்துக்குப் பயந்து, ஆசையோடு ஒரு மலைச் சைக்கிள் வாங்கினாள். மூன்று வாரம் ஓட்டினாள். பிறகு அது மாடிப்படியின் அடியில் நின்று, துணி உலர்த்தும் கொடியாயிற்று. வீட்டில் எல்லோரும் அவளுக்கு அபிப்பிராயம் சொன்னார்கள். "பழகப் பழகச் சரியாய்ப் போய்விடும்" என்றார் மாமனார். "ஜெல் உறை போடு" என்றான் புருஷன். நானும் என் பங்குக்கு, "என்னம்மா, சைக்கிள் ஆசை அவ்வளவுதானா?" என்று கேலி செய்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கே வலிக்கறதுன்னு யார்கிட்ட சொல்றது, மாமா?" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அத்தனை அபிப்பிராயங்களுக்கும் நடுவில், உட்கார்ந்து பார்த்தவளுடைய அபிப்பிராயத்தை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பெண்களுக்கு அந்த இரண்டு எலும்பு முனைகளும் பொதுவாகச் சற்று அகன்று இருக்கின்றன. ஒடுங்கிய ஆசனம் எலும்பைத் தாங்காமல் நடுப்பாகத்தைத் தாங்குகிறது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தை ஒட்டி ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே பலர் ஏறினார்கள். அந்த ஆசனங்கள் யாருடைய அளவுக்குச் செய்தவை என்று கேட்க அப்போது நேரமில்லை. ஏறியதே பெரிய வெற்றி. இப்போதாவது கேட்க வேண்டாமா?

ஆண்கள் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறார்களா என்ன? அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர் 90 பேரிடம், மூக்கு இல்லாத ஆசனத்தைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்டச் சொன்னார்கள். ஆராய்ச்சியின் முடிவு 2008-ல் வெளியாயிற்று. பழைய ஆசனத்தில் மரத்துப்போகும் தொல்லை இல்லை என்றவர்கள் நூற்றுக்கு 27 பேர். புதிய ஆசனத்தில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு 82 பேர். கேட்க வேண்டிய முறையில் கேட்டதால் வந்த பதில் இது. நம் டீக்கடையில் நின்றுகொண்டே சிரித்தவர்களை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

சிநேகிதர் மருமகளின் கதையை முடித்துவிடுகிறேன். என் மனைவி அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய் இரண்டே நிமிஷத்தில் விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். பிறகு வண்டியை ரிப்பேர்க் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் முதலில் ஆசனத்தைக் குறை சொல்லவே இல்லை. மூக்கு மேல்நோக்கி இருந்ததைச் சமமாக்கினார். உயரம் அதிகமாக இருந்ததால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது என்று சொல்லிக் கொஞ்சம் இறக்கினார். பாதி வலி அதிலேயே போய்விட்டதாம். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான், சற்று அகலமாகவும் நடுவில் பள்ளம் விட்டும் இருந்த வேறு ஆசனத்தை மாட்டினார்.

ஒரு மாதம் கழித்து அவளைப் பார்த்தேன். "இப்போது எப்படி அம்மா?" என்று, இந்தத் தடவை கேலி இல்லாமல் கேட்டேன்.

அவள் சற்று யோசித்தாள். "மகேந்திரா சிட்டி தாண்டற வரைக்கும் சீட் ஞாபகமே வரதில்லே, மாமா. அப்புறம் கொஞ்சம் வரது. ஆபீஸ் போய்ச் சேர்ந்தப்புறம் நாற்காலியிலே சௌகரியமா உட்கார முடியறது" என்றாள்.

யார் உட்கார்ந்தது, எவ்வளவு தூரம், எந்த இடத்திலிருந்து தொந்தரவு, இறங்கிய பிறகு எப்படி என்று நான்கும் அந்தப் பதிலில் இருந்தன. விமரிசனம் என்றால் எனக்கு இவ்வளவு போதும்; புத்தகத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் மிதித்து வருகிறவர்கள், அடுத்த தடவை பெஞ்சில் இடம் இருந்தும் நின்றுகொண்டு டீ குடிக்க நேர்ந்தால், ஏன் நிற்கிறோம் என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு ஒருவராவது கொடியாய்ப் போன சைக்கிளிலிருந்து துணிகளை எடுத்து மடித்து வைப்பார்.