வருந்துவது யார், மறுப்பது யார்?

காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் மறுப்புக் கடிதத்தை யாரும் இலக்கியமாக வாசிப்பதில்லை. ஆனால் இவ்வளவு கவனமாக, இத்தனை முறை வாசிக்கப்படும் உரைநடை நம் வீடுகளுக்கு வேறெதுவும் வருவதாக எனக்குத் தெரியவில்லை. நாவலில் புரியாத பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். ஆஸ்பத்திரி பில் லட்சக்கணக்கில் நிற்கும்போது ஒரு காற்புள்ளியைக்கூடத் தாண்ட முடியாது. அதனால் இந்தக் கடிதங்களை உரைநடையாகவே எடுத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இலக்கணம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. 'வீ ரிக்ரெட்' என்று தொடங்கி, ஏதோ ஒரு உட்பிரிவின் எண்ணைச் சொல்லி, உங்கள் கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது என்று முடியும். கவனித்தீர்களா? வருந்துவதற்கு ஆள் இருக்கிறது, 'நாங்கள்'. மறுப்பதற்கு ஆளே இல்லை, அது செயப்பாட்டுவினை. ஆனால் இதை வீட்டில் ஒருவர் படித்துவிட்டு இன்னொருவருக்கு எப்படிச் சொல்வார்? "தரமாட்டேன்னுட்டாங்க." அவ்வளவுதான். கடிதம் ஒளித்துவைத்த எழுவாயைப் பேச்சுத்தமிழ் ஒரே சொல்லில் இழுத்து வெளியே போட்டுவிடுகிறது.

அடுத்தது சொல்தேர்வு. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பல வருடமாகச் சர்க்கரை' என்று ஒரு வரி இருக்கிறது, பாலிசி எடுக்கும்போது நிரப்பிய படிவத்தில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இதை 'நீங்கள் குறிப்பிடவில்லை' என்றும் எழுதலாம், 'மறைத்துவிட்டீர்கள்' என்றும் எழுதலாம். வெறும் நடை வேறுபாடு இல்லை இது. 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, மருத்துவக் காப்பீடு 60 மாதங்கள் தொடர்ந்து நடப்பில் இருந்துவிட்டால், 'குறிப்பிடவில்லை' என்ற காரணத்துக்காகக் கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபிக்க வேண்டும். ஆக, இரண்டு வினைச்சொற்களுக்கு நடுவில் ஒரு குடும்பத்தின் கடன் நிற்கிறது. கவிஞன்கூட ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை கொடுப்பதில்லை.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு மிகப் பிடித்தது. பிரதிக்கு வெளியே போகாதே, ஆசிரியர் மனதில் என்ன நினைத்தார் என்று தேடாதே என்று விமர்சனத்தில் ஒரு பள்ளி உண்டு. அந்தப் பள்ளியின் கறாரான மாணவர் நம் உச்ச நீதிமன்றம். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தை நிறுவனம் பிறகு வழக்கில் புதிதாகக் கொண்டுவர முடியாது என்று 2019-ல் சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் உறுதிப்படுத்தியது. பாலிசி வாசகம் இருபொருள் பட்டால், அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது இன்னும் பழைய மரபு. கவிதையில் இருபொருளுக்குக் கைதட்டல், இங்கே அபராதம்.

எழுதுகிறவர் பக்கமும் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒவ்வொரு வரியும் நாளை நீதிமன்றத்தில் தனக்கு எதிராக வாசிக்கப்படும் என்று தெரிந்தால் யாருக்கும் கை நடுங்கும். 'எங்கள் பிற உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்' என்ற வால் வாக்கியம் அந்த நடுக்கத்தில் பிறந்ததுதான். ஆனால் பயத்தில் எழுதியது வாசகரைப் பார்க்காது, வக்கீலைத்தான் பார்க்கும்.

மறுக்கும்போது பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று குறிப்பிட வேண்டும் என்கிறது அதே 2024 விதி. பல கடிதங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நின்றுவிடுகின்றன. நல்ல கடிதம் இன்னும் ஓரடி வைக்கும்: நாங்கள் பார்த்த தாள் இது, அதிலுள்ள தேதி இது, நிபந்தனை இது, இரண்டும் இந்த இடத்தில் முட்டுகின்றன, அதனால் தரவில்லை. ஒத்துக்கொள்ளவில்லையென்றால் முதலில் எங்களிடம் முறையிடுங்கள், சரிவராவிட்டால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கதையில் காரணகாரியம் விட்டுப்போனால் வாசகருக்கு எரிச்சல் வரும். இந்தக் கடிதத்தில் விட்டுப்போனால், எங்கே மறுத்துப் பேசலாம் என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விடும். தன்னோடு சண்டை போட வாசகருக்கு இடம் கொடுக்கிறதா என்பதை வைத்துத்தான் இந்த வடிவத்தை நான் மதிப்பிடுவேன். 'வருந்துகிறோம்' இல்லாவிட்டாலும் பரவாயில்லை.