அம்மையார் விரும்பிய வடிவம்

அழகைப் பற்றிப் பேசும்போது நாம் இரண்டு நாக்கு உடையவராகிவிடுகிறோம். உடலழகு நிலையற்றது, உள்ளத்தின் அழகே அழகு என்று மேடையில் முழங்குகிறோம். மணமகள் தேடும் விளம்பரத்திலோ நிறத்துக்கும் தோற்றத்துக்குமே முதலிடம் தருகிறோம். அவ்விளம்பரத்துக்குப் பொருந்தாத பெண்ணுக்கு ‘அக அழகு’ என்னும் சொல் ஓர் ஆறுதற் பரிசாகவே வழங்கப்படுகிறது. இவ்வாறு ஆறுதல் கூறுவோர் காரைக்கால் அம்மையாரைச் சான்று காட்டுவதும் உண்டு. ஆனால், அம்மையார் தருவது ஆறுதல்தானா? இதனை ஆராய்வதே நம் நோக்கம்.

அவர் வரலாற்றை நாம் பெரிதும் அறிவது 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின் வழியாகவே. வணிகர் குலத்துப் புனிதவதி இறையருளால் மாங்கனி வருவித்ததைக் கண்ட கணவன் பரமதத்தன், அவரைத் தெய்வமென அஞ்சிப் பிரிந்தான். பாண்டிநாடு சென்று வேறு மணம் புரிந்தான். சுற்றத்தார் புனிதவதியை அவனிடம் அழைத்துச் சென்றபோது, மனைவியோடும் மகளோடும் அவர் காலில் வீழ்ந்தான். அந்நேரத்தில் அவர் இறைவனிடம் வேண்டியது யாது? இவனுக்காகச் சுமந்த அழகு தங்கிய இத்தசைச் சுமை நீங்கட்டும், நின் தாள் போற்றும் பேய்வடிவம் எனக்கு வாய்க்கட்டும் என்பதே.

இவ்வேண்டுகோளை உடலின்மீது கொண்ட வெறுப்பு என்று பொருள் கொள்வாருமுளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ‘இவனுக்காக’ என்னும் கருத்தே ஈண்டு உயிர்நாடி. மணமான பெண்ணின் அழகு பிறனொருவனின் உடைமை என்று கருதிய சமுதாயம் அது. உரியவனே வேண்டாவென்று ஒதுங்கியபின், பிறர் பொருளைத் திருப்பித் தருவார்போல் அதனை அவர் இறக்கி வைக்கிறார். அவர் அழவுமில்லை, கணவனைப் பழிக்கவுமில்லை. பேயுருவைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடியபோதும், இறைவன் என்னை அறிவானாயின் அறியாத மாந்தருக்கு நான் எவ்வுருவாய்த் தோன்றினால் என்ன என்று எண்ணியதாகவே சேக்கிழார் காட்டுகிறார். தன்னை ஏற்றுக்கொள்ளுதல் என்பதன் இலக்கணம் இதனினும் தெளிவாய்த் தமிழிற் கூறப்பட்டதுண்டோ என்பது ஐயமே.

எனினும், ஒரு வினாவை நாம் மறைத்தலாகாது. கணவன் கைவிடாதிருந்தால் இவ்விடுதலை அவருக்குக் கிட்டியிருக்குமா? காப்பியப் போக்கில், கணவன் தன் கருத்தை உரைத்த பின்னரே மனைவியின் வழி திறக்கிறது. தனித்து நடக்க விரும்பிய பெண் தன் அழகையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இது சேக்கிழாரின் குறையன்று. அவர் பாட எடுத்துக்கொண்ட உலகின் குறை. ஆயினும் குறை குறையே.

இனி, அம்மையாரின் சொந்த வாக்கை நோக்குவோம். அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகிய அவர் நூல்கள் பதினோராம் திருமுறையில் உள்ளன. இவற்றில் மாங்கனியும் இல்லை, கணவனும் இல்லை, இழந்த அழகைப் பற்றிய ஏக்கமும் இல்லை. பதிக முடிவில் அவர் தம்மைக் காரைக்காற் பேய் என்றே குறிக்கிறார். முதற்பதிகத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெண்பேயின் வற்றிய மார்பையும், எழுந்த நரம்பையும், குழிந்த வயிற்றையும் கூசாமல் வருணிக்கிறார். அக்காட்டில் ஆடும் இறைவனையோ ‘எங்கள் அப்பன்’ என்கிறார். அந்த ‘எங்கள்’ என்பதனுள் அப்பேயும் அடங்கும் என்று கொள்ளலாம்.

அப்பதிகத்திலேயே ஒரு தாய்ப்பேய் வருகிறது. அது தன் பிள்ளைக்குக் காளி எனப் பெயரிட்டு வளர்க்கிறது; புழுதி துடைத்துப் பாலூட்டிப் போகிறது. தாய் வரக் காணாமல் பிள்ளை அழுது உறங்கிவிடுகிறது. சுடுகாட்டின் நடுவே இத்தகைய தாய்மையைக் காணும் கண், வடிவை வெறுக்கும் கண்ணாகுமா?

அந்தாதியில் தம் நெஞ்சை நல்ல நெஞ்சென்றும், தாமே தவமுடையவர் என்றும் தயங்காது உரைக்கிறார். இது செருக்கன்று, இறைவனுக்கு ஆளாகிவிட்டேன் என்னும் உறுதியிலிருந்து பிறந்த பெருமிதம். இறைவன் தம் துயரைக் களையாவிடினும், இரங்காவிடினும் தம் அன்பு மாறாது என்றும் அவர் பாடுகிறார். கைம்மாறு கருதாத அன்புக்குப் பிறர் தரும் பாராட்டும் இகழ்ச்சியும் ஒரு பொருட்டல்ல.

பிற பெண்ணடியார்களோடு ஒப்பிட்டால் அம்மையாரின் தனித்தன்மை மேலும் விளங்கும். ஆண்டாள் திருமாலை மணவாளனாகக் கண்டார். 12-ஆம் நூற்றாண்டுக் கன்னட நாட்டு அக்க மகாதேவி சென்னமல்லிகார்ச்சுனனைக் கணவனாகக் கொண்டார். மணமகள் நிலையில் அழகுக்கு ஓர் இடம் உண்டு. காரைக்கால் அம்மையாரோ இறைவனை அப்பன் என்றார். இறைவனோ அவரை ‘அம்மையே’ என்று அழைத்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். தாயின் முகத்தை அழகு பார்த்து எடைபோடும் பிள்ளை எங்கும் இல்லை.

இந்நுட்பத்தைச் சிற்பிகளும் உணர்ந்திருந்தனர். சேக்கிழாருக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னரே, முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் ஆடவல்லான் திருவடியருகே அம்மையார் வடிக்கப்பட்டார். நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்திலுள்ள சோழர்காலச் செப்புத்திருமேனியில், எலும்பெழுந்த உடலோடு அவர் கையில் தாளமேந்தி நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். மெலிவைச் சிற்பி மறைக்கவில்லை. அம்மெலிவிலேயே மிடுக்கைக் கண்டான்.

ஆகவே, அழகில்லாவிடினும் கவலற்க என்று அம்மையார் நமக்குச் சொல்லவில்லை. நம்மை அளப்பவர் யார், அவ்வளவை நாம் ஏன் ஏற்கவேண்டும் என்றே அவர் வாழ்வும் வாக்கும் வினவுகின்றன. அவர் அஞ்சாமல் நின்றதற்கு நம்பிக்கை துணையாயிற்று. அந்நம்பிக்கையைப் போற்றும் நாம், நம் பெண்மக்களுக்கு உள்ளழகின் பெருமையை உபதேசிக்குமுன், அவர்களை நோக்கும் நம் கண்களைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். பேயுரு எய்தினால்தான் ஒரு பெண் தன்வழி நடக்கலாம் என்னும் நிலை, அம்மையாரைக் கைதொழும் சமுதாயத்துக்கு அழகன்று.