சபைச் செய்தியில் வராதவை: ரூடி வீபின் முதல் நாவலை முன்வைத்து

மெனனைட் சபைச் சஞ்சிகைகளில் ஊர்ச்செய்திக்கென்று ஓரிடம் இருக்கும். ஞானஸ்நானம் பெற்றவர்கள் யார், யாருக்கும் யாருக்கும் திருமணம், பாடகர் குழு எந்த ஊருக்குப் போய்ப் பாடியது, அறுவடை நன்றி ஆராதனைக்கு வெளியிலிருந்து வந்து பிரசங்கம் செய்தவர் யார், காலமான மூதாட்டி விட்டுச் சென்ற பிள்ளைகள் எத்தனை, பேரப்பிள்ளைகள் எத்தனை. வாசிக்க இதமாக இருக்கும். அந்தப் பத்திகளில் ஒருவரும் ஒருவரோடும் கோபித்துக்கொள்வதில்லை.

1962 இல் கனடாவின் வின்னிபெக் நகரில் 'மெனனைட் பிரெதரன் ஹெரால்ட்' என்ற சபை ஏடு தொடங்கப்பட்டபோது அதன் முதல் ஆசிரியராக அமர்த்தப்பட்டவர் ரூடி வீப். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதே ஆண்டில் அவருடைய முதல் நாவல் 'பீஸ் ஷல் டிஸ்ட்ரோய் மெனி' வெளிவந்தது. சமாதானம் பலரை அழிக்கும் என்று அந்தத் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்; தானியேல் ஆகமத்திலிருந்து எடுக்கப்பட்டது. நாவல் கிளப்பிய எதிர்ப்பில் மறு ஆண்டே அவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. சபைச் செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் கதிரையில் இருந்த ஆள், அந்தச் செய்திக்குள் வராததை நாவலாக எழுதிவிட்டார். அதுதான் குற்றம்.

மெனனைட்டுகளைப் பற்றி இரண்டொரு சொல் தேவை. பதினாறாம் நூற்றாண்டில், குழந்தைக்கு அல்ல, விசுவாசித்து வரும் வளர்ந்தவருக்கே ஞானஸ்நானம் என்றும், ஆயுதம் தூக்குவதில்லை என்றும் நின்ற கிறிஸ்தவர்கள். மென்னோ சீமோன்ஸ் என்ற போதகரின் பெயரால் அறியப்பட்டார்கள். துன்புறுத்தலுக்குத் தப்பி விஸ்துலா ஆற்றுப் படுகைக்கும், அங்கிருந்து 1789 முதல் இன்றைய உக்ரேனுக்கும் போனார்கள். 1874 இல் தொடங்கி ஒரு கூட்டம் மனிடோபாவுக்கு வந்தது. ரஷ்யப் புரட்சியும் பஞ்சமும் முடிந்த 1920 களில் இன்னொரு கூட்டம், சுமார் இருபதாயிரம் பேர், கனடாவில் கரையேறியது. வீபின் பெற்றோர் அந்தப் பிந்திய அலையைச் சேர்ந்தவர்கள். அவர் பிறந்தது 1934 இல், சஸ்கச்சுவான் வடபகுதியில் காடு வெட்டிப் போட்ட ஒரு சிறு குடியேற்றத்தில்.

நாவலின் கற்பனை ஊரான வாபிடியும் அப்படிப்பட்டதுதான். காலம் 1944. உலகம் முழுக்கப் போர். ஊருக்குள் போர் இல்லை. உழவு, விதைப்பு, ஞாயிறு ஆராதனை, அறுவடை, நத்தார். வசந்தத்தில் தொடங்கிப் பனிக்காலத்தில் முடியும் நான்கு பகுதிகளாகக் கதை நகர்கிறது. ஊரை ஆள்பவர் டீக்கன் பீட்டர் புளொக். அவரைப் போல ஆகவேண்டுமென்று ஆசைப்படும் இளைஞன் தொம் வீன்ஸ். பக்கத்தில் சில மெட்டிக் குடும்பங்கள், அதாவது பூர்வகுடிகளும் ஐரோப்பியரும் கலந்து உருவான மக்கள். அவர்களுக்குச் சுவிசேஷம் சொல்லலாம். சபைக்குள் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது.

நாவலில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது மொழி பற்றிய சபைக் கூட்டம். பாடசாலை ஆசிரியர் ஜோசப் டூக், வெளியாட்களும் இருந்த ஓர் இளைஞர் ஒன்றுகூடலில் ஆங்கிலத்தில் பேசிவிட்டார். வந்திருந்தவர்களுக்கு ஜெர்மன் விளங்காது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த மக்களுக்கு வீட்டில் பேச பிளாட்டீச் என்ற தாழ்நிலை ஜெர்மன், தொழுகைக்கும் பிரசங்கத்துக்கும் உயர் ஜெர்மன், சந்தைக்கும் அரசாங்கத்துக்கும் ஆங்கிலம். மூன்றும் மூன்று அறைகள். ஜோசப் ஒரு கதவைத் திறந்துவிட்டார். புளொக் எழுந்து பேசும்போது குரல் உயர்த்துவதில்லை. மொழி போனால் பிள்ளைகள் போவார்கள், பிள்ளைகள் போனால் விசுவாசம் போகும், இதற்காகவா நாங்கள் அத்தனை நாடு கடந்து வந்தோம் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். கூட்டத்தில் பெரும்பாலானோர் மௌனமாக இருக்கிறார்கள். மௌனம் சம்மதமாகிறது. ஆசிரியர் ஊரை விட்டுப் போகிறார். செய்திப் பத்தியாக எழுதினால் இது ஒரு வரி: ஆசிரியர் வேறு பணிக்குச் சென்றார், சபை அவருக்குப் பிரியாவிடை அளித்தது. (மொழியை வேலியாக்கிக்கொண்ட சமூகங்கள் வேறும் உண்டு. அதை இங்கே இழுக்கவில்லை.)

இன்னொரு வரி: டீக்கனின் மகள் எலிசபெத் அறுவடைக் காலத்தில் திடீர் மரணம். ஊர் திரண்டு அடக்கம் செய்கிறது. தகப்பன் கல்லாய் நிற்கிறார். அவள் திருமணமின்றிக் கருவுற்றிருந்தாள், அதுவும் ஒரு மெட்டி இளைஞனால், பிரசவத்தில் இறந்தாள் என்பது சவப்பெட்டியோடு மூடப்படுகிறது. வாசகனுக்குத் தெரியும், கூடி நின்று பாடுகிறவர்களுக்குத் தெரியாது. வீப் இங்கே அழவைக்க முயலவில்லை. சடங்கு அதன் ஒழுங்கில் நடக்கிறது, அந்த ஒழுங்கே நம்மை நெருக்குகிறது. நாவலின் உச்சம் இதுதான் என்பேன். பலர் கடைசிக் காட்சியைச் சொல்வார்கள்.

அந்தக் கடைசிக் காட்சி நத்தார் இரவு. பாடசாலையில் பிள்ளைகளின் நிகழ்ச்சி, சமாதானப் பிரபுவின் பிறப்பைப் பற்றிய பாட்டு. முடிந்த கையோடு மாட்டுக் கொட்டிலில் அடிதடி. சண்டை வேண்டாமென்று வருஷம் முழுக்க யோசித்த தொமும் அடித்துவிடுகிறான். திட்டம் போட்ட முடிவு இது, பாட்டையும் அடியையும் பக்கத்தில் வைத்தால் வாசகன் புரிந்துகொள்வான் என்று எழுதியது. புரிகிறது. கொஞ்சம் கூடுதலாகவே புரிகிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். ஜோசப் எழுதும் கடிதங்கள் பிரசங்கமாக நீள்கின்றன. ஒரு பிரசங்கத்துக்கு இன்னொரு பிரசங்கம் பதிலாகிறது. மெட்டி மக்களுக்கு இந்த நாவலில் உள்மனம் இல்லை. பூர்வகுடித் தலைவர் பிக் பெயரை நடுவில் வைத்து வீப் எழுதிய பிந்திய நாவல் 1973 இல் கனடாவின் ஆளுநர் நாயகம் விருதைப் பெற்றது. முதல் நாவலின் அந்தக் கடனை அவர் பிறகு அடைக்கப் பார்த்தார் என்று கொள்ளலாம். எலிசபெத் வாய் திறப்பதே சொற்பம். ஜோசப்பின் இடத்துக்கு வரும் புது ஆசிரியைக்கு ரஸியா என்று பெயர். நம் வாசகர் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்கள். பெயரில் மட்டும்தான் அந்த உறவு. அவள் வெளியிலிருந்து வந்து ஆண்களைக் கெடுக்கும் பெண்ணாக மட்டும் வந்து போகிறாள். சபை வெளியுலகத்தைப் பார்க்கும் அதே கண்ணால், சபையைக் கண்டிக்க வந்த நாவலும் அவளைப் பார்த்துவிட்டது.

நாற்பத்திரண்டு வருஷம் கழித்து, மனிடோபாவின் ஸ்டைன்பாக் ஊரில் பிறந்த மிரியம் டேவ்ஸ், 'எ கொம்ப்ளிகேட்டட் கைண்ட்னஸ்' நாவலில் பேச்சை ஒரு பெண்பிள்ளையிடம் கொடுத்தார். பதினாறு வயது நோமி, சபை விலக்கிவைத்த தாயும் ஓடிப்போன அக்காவும் இல்லாத வீட்டில் தகப்பனோடு இருந்து கதை சொல்கிறாள். ஊர்க்காரரின் எளிய வாழ்வைப் பார்க்க உல்லாசப் பயணிகள் வரும் காட்சிக் கிராமம் அங்கே உண்டு. நிஜ ஸ்டைன்பாக்கிலும் காற்றாலையோடு ஒரு பாரம்பரியக் கிராமம் இருக்கிறது. நோமிக்குக் காத்திருப்பதோ கோழி அறுக்கும் தொழிற்சாலை. வீபிடம் இல்லாத சிரிப்பு டேவ்ஸிடம் நிறைய. ஆனால் அவருடைய சபைத் தலைவர் பெரும்பாலும் கேலிக்குரியவர். புளொக்கை நாம் கேலி செய்ய முடியாது.

இந்த இடத்தில்தான் எனக்கும் ஒரு நண்பருக்கும் வாக்குவாதம். முதலில் அவர், "என்னத்துக்கு மச்சான் இது? எங்கயோ இரிக்கிற வேதக்காரங்கட ஊர்க்கதை நமக்கு எதுக்கு?" என்றார். கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அந்தாள் செஞ்சது பிழதான். ஆனா அவரு இல்லாட்டி அந்த ஊரே இரிந்திரிக்காதே."

நாவல் அதை மறுக்கவில்லை. காட்டுக்குள் நிலம் கண்டுபிடித்தவர் புளொக். ஆட்களைக் கூட்டிவந்தவரும் அவர்தான். ரஷ்யாவில் பஞ்ச காலத்தில் அவர் ஒரு மனிதனைக் கொன்றிருக்கிறார். ஆயுதம் தூக்காத சபையின் தூண் அவர், அவருடைய கைகளுக்குத் தெரிந்தது சபைக்குத் தெரியாது. தன் மகன் பீட்டுக்கு அந்தக் கைகள் வந்துவிடக்கூடாது என்றுதான் அத்தனை வேலியும் அடித்தார். மெட்டிக் குடும்பங்களின் நிலத்தை வாங்கி அவர்களை அனுப்பிவிடப் பார்த்ததற்கும் அதே பயம்தான் காரணம்.

"அப்ப அவருக்குத் தீர்ப்பு என்ன?" என்று நண்பர் கேட்டார். தீர்ப்பை வீப் எழுதவில்லை. 1963 இல் சபைதான் வீபுக்கு ஒரு தீர்ப்பு எழுதியது. அவர் அமெரிக்காவின் கோஷன் நகரிலிருந்த மெனனைட் கல்லூரிக்கே படிப்பிக்கப் போனார்.