மோனையும் ஆங்கில முதலொலியும்: விபுலாநந்தரின் ஒரு தலைப்பு

ஆங்கிலச் செய்யுளின் 'அலிற்றரேசன்' என்பதை மோனை எனப் பெயர்த்துவிட்டு அப்பாற் செல்வது பாடக்குறிப்புகளின் வழக்கம். இரண்டும் உறவினவே, ஒன்றல்ல. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசையின் முதல் மெய்யொலி மீண்டும் வந்தாற் போதும். அதனையடுத்த உயிர் எதுவாயினும் ஆகும். வரிவடிவமும் பொருட்டன்று: 'கிங்', 'குவீன்' என்பன வெவ்வேறு எழுத்திற் தொடங்கியும் ஒலியால் இயைகின்றன. தமிழிலோ கிகரமும் குகரமும் மோனையாகா. மெய்யோடு உயிரும் இனமாதல் வேண்டும்.

பழைய ஆங்கிலப் பாட்டு நமக்கு இன்னும் அணித்து. நான்கு அழுத்தங்கொண்ட அதன் அடியில் மூன்றாம் அழுத்தமே தலைமையுடையது. முதலிரண்டில் ஒன்றோ இரண்டுமோ அதனோடு இயையும். நான்காவது விலகி நிற்கும். நம் பொழிப்பு மோனையும் கூழை மோனையும் அங்கே வேற்றுடையில் உலவுகின்றன.

இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதற்குச் சான்று மட்டக்களப்பிலேயே உண்டு. காரைதீவிற் பிறந்து, 1929இல் வாவியை அடுத்த கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகள் (1892–1947), 1926இல் வெளிவந்த 'மதங்கசூளாமணி'யிற் சேக்சுபியரின் நாடகங்களை ஆராய்ந்தார். அவற்றுளொன்று 'லவ்ஸ் லேபர்ஸ் லொஸ்ற்'. தலைப்பில் லகரம் மூன்று. தமிழ்ச் சொல்லோ லகரத்தில் தொடங்காது. அடிகள் அதனைக் காதல் கைம்மிக்க காவலன் சரிதையாக்கினார். ஆகாரமும் ஐகாரமும் ஓரினமாதலின் கா, கை, கா என மோனை பழுதின்றி அமைந்தது. ஒலியைப் பெயர்க்க முடியாத இடத்தில் ஒலியின் தொழிலைப் பெயர்த்திருக்கிறார்.

பொருள் நிலையில் இது முழு வெற்றியன்று. கைம்மிகல் என்பது வரம்பு மீறல். மூன்றாண்டு பெண்களைக் காணாது கல்வியே பேணுவதெனச் சூளுரைத்த காவலனின் நோன்பு உடைவதை அச்சொல் நன்கு உணர்த்தும். நாடகமோ மணத்தில் முடிவதில்லை. இளவரசியின் தந்தை இறந்த செய்தி வர, காதலர் ஓராண்டு காத்திருக்கப் பணிக்கப்படுகின்றனர். வீணான அம்முயற்சியையே மூலத் தலைப்புச் சுட்டும். தமிழ்த் தலைப்பில் அத்தோல்விக்கு இடமில்லை.

அந்நாடகத்திலேயே ஒலோபேர்ணிசு என்னும் பள்ளியாசிரியன் மானொன்றின் சாவைப் பாடுகையில் ஓரெழுத்தையே அடுக்கி நகைப்புக்கிடமாகிறான். அதனைத் தமிழாக்குவோர்க்கு இடர் வேறு வகையது. மோனை நம் செய்யுளுக்கு இயல்பாதலின், அளவான மோனையால் அங்கே நகை பிறவாது. அடிதோறும் முற்றுமோனையைத் திகட்டுமளவுக்குத் திணித்தாலன்றி அவ்வாசிரியன் நம் செவிக்கு நல்ல புலவனாகவே தோன்றுவான்.